மலிவான காணி: வாங்குமுன் கேட்க வேண்டியவை

மழை விட்ட ஒரு பின்னேரம். வன்னியில் ஒரு குளத்துக்குக் கிட்ட இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி. மூலையில் ஒரு பாலை மரம், நடுவில் தூர்ந்துபோன கிணறு. அதைப் பார்க்க வந்திருந்தார்கள் ஒரு கணவனும் மனைவியும். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில், வலிகாமம் வடக்கிலிருந்து தாய் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறிய பிள்ளைகள் அவர்கள். இன்று அவர்களின் பிள்ளைகளே வளர்ந்துவிட்டார்கள். இத்தனை ஆண்டும் இரவற் காணியிலும் வாடகை வளவிலும் சீவியம். மனைவியின் நகையும், வெளிநாட்டிலிருக்கும் தம்பி அனுப்பிய காசும் சேர்ந்து, முதன்முறையாக ஒரு காணி வாங்கும் அளவுக்குப் பணம் கையில் வந்திருந்தது.

"என்ன அண்ணை யோசிக்கிறியள்? அயலில ஏக்கர் போற விலையில இது அரைவாசி. அடுத்த கிழமை வந்தா இருக்காது" என்றார் தரகர்.

கணவர் தலையாட்டினார். மனைவிதான் கேட்டார்: "ஏன் தம்பி அரைவாசி?"

"இது பேர்மிற் காணி அக்கா. உறுதி மாதிரித்தான். இப்ப ஒரு தாளில எழுதி ரெண்டு பேர் கையெழுத்து வைப்பம். பேரைப் பிறகு மாத்தலாம்."

அந்தப் பெண் கேட்ட கேள்வியைத்தான் காணி வாங்கப் போகும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். காணி வாங்கும்போது நாம் மண்ணை மட்டும் வாங்குவதில்லை. அந்த மண்ணில் என்ன செய்யலாம், அதை யாருக்கு விற்கலாம், எந்தப் பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம் என்ற உரிமைகளையும் சேர்த்தே வாங்குகிறோம். உரிமை குறைந்த காணியின் விலையும் குறைந்தே இருக்கும். சில வேளைகளில் அந்தக் குறைவு நமக்குப் பொருந்தலாம். சில வேளைகளில் அது நமது சேமிப்பு முழுவதையும் விழுங்கிவிடும். இரண்டில் எது என்று பணம் கொடுக்குமுன் அறிந்துகொள்ள வேண்டும்.

காணி எந்த வகை?

நமது பிரதேசங்களில் விலைக்கு வரும் காணிகளை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, உறுதிக் காணி. தனியாருக்குச் சொந்தமானது. நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதியப்பட்ட உறுதியால் கைமாறுவது.

இரண்டாவது, அனுமதிப்பத்திரக் காணி. பேர்மிற் காணி என்று நாம் சொல்வது இதைத்தான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், காணியற்றவர்கள் குடியிருந்து பயிர் செய்வதற்கென அரசு கொடுத்த காணி இது. வட்டக்கச்சி, இராமநாதபுரம் போன்ற குடியேற்றத் திட்டங்களில் இத்தகைய காணிகளே பெரும்பாலானவை. அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் அக்காணியின் சொந்தக்காரர் அல்ல. நிபந்தனைகளுக்கு அமைய அதை அனுபவிப்பவர். ஆகவே அதை விற்கும் உரிமை அவரிடம் இல்லை.

மூன்றாவது, அளிப்புக் காணி. அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்குப் பின்னர் அளிப்புப் பத்திரம் வழங்கப்படுகிறது. சுவர்ணபூமி, ஜயபூமி என்ற பெயர்களில் வந்தவை இவை. சனங்கள் இவற்றையும் 'உறுதி' என்றே சொல்கிறார்கள். குழப்பம் தொடங்குவது இங்கேதான். அளிப்புக் காணியைக் கைமாற்றுவதானால் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும். அது இல்லாமல் எழுதிய உறுதி சட்டத்தின் முன் செல்லாது. எந்த அளவுக்குக் கீழே காணியைத் துண்டாடக் கூடாது என்பதும் அப்பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். ஆகவே, "ரெண்டு ஏக்கரில் அரை ஏக்கரை உங்களுக்கு வெட்டித் தாறம்" என்று ஒருவர் சொன்னால், பத்திரத்தின் நிபந்தனைகளை வாசித்த பின்னரே மறுமொழி சொல்ல வேண்டும்.

2024ஆம் ஆண்டில் 'உறுமய' என்ற பெயரில், இத்தகைய காணிகளுக்கு முழு உரிமையுள்ள உறுதி வழங்கும் திட்டம் ஒன்றை அரசு தொடங்கியது. அப்படி உறுதி கிடைத்த காணியா என்பதைப் பத்திரத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். "உறுதி கிடைக்கப் போகுது" என்ற சொல்லை நம்பி ஒரு சதமும் கூட்டிக் கொடுக்கக் கூடாது.

நான்காவது, எந்தப் பத்திரமும் இல்லாமல் ஆட்சியில் மட்டும் இருக்கும் காணி. அரச காணியில் காடு வெட்டி இருப்பவரும் உண்டு. இடம்பெயர்ந்த ஒருவரின் வளவில் வந்து குடியேறியவரும் உண்டு. "பத்து வருசத்துக்கு மேல இருக்கிறம், ஆட்சி உறுதி முடிச்சுத் தாறம்" என்பார்கள். உண்மைச் சொந்தக்காரர் போரினால் வரமுடியாமல் இருந்தவராயின், அவர் திரும்பி வந்து வழக்கு வைக்கலாம். நாம் இடம்பெயர்ந்தவர்கள். நமது வளவை இன்னொருவர் இப்படி விற்றால் நமக்கு எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாலே போதும்.

தாளில் எழுதி இரண்டு பேர் கையெழுத்து வைப்பது எந்த வகைக் காணிக்கும் உதவாது. நொத்தாரிசு இல்லாமல் எழுதிய காணி விற்பனை செல்லாது என்பது 1840ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் உள்ள சட்டம். பேர்மிற்காரர் இறந்ததும் அந்தத் தாள் வெறும் தாள்தான். காணி, அவர் பின்னுரித்தாளராகப் பெயர் குறித்தவருக்கே போகும். அப்படி ஒருவரைக் குறிக்காவிட்டால் சட்டத்தின் வரிசைப்படி உறவினருக்குப் போகும். முன்பு அந்த வரிசையில் ஆண்பிள்ளைகளுக்கு முதலிடம் இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியது. எப்படியாயினும், அந்த வரிசையில் காசு கொடுத்த நமது பெயர் இல்லை.

உறுதிக் காணியென்றால் கவலை இல்லையா?

உறுதிக் காணியிலும் சில முடிச்சுகள் உண்டு.

முதலில் காணிப் பதிவகத்தில் தோம்பு எடுத்துப் பாருங்கள். குறைந்தது 30 ஆண்டுகளுக்குக் காணி யார் யாரிடம் கைமாறியது, ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா என்பவை அதில் தெரியும். ஒரே காணியை ஒருவர் இரண்டு பேருக்கு எழுதியிருந்தால், முதலில் பதிந்தவருக்கே பொதுவாக முன்னுரிமை. ஆகவே உறுதி எழுதினால் மட்டும் போதாது, அது பதியப்படும்வரை விடாமல் கவனிக்க வேண்டும்.

வட மாகாணத்தில் தேசவழமை பொருந்தும் காணியாயின் இன்னுமொன்று. பங்காளிகளுக்கும், விற்பவரின் உரித்தாளராக வரக்கூடியவர்களுக்கும் அக்காணியை முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டுச் சட்டம் இதை வகுத்திருக்கிறது. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் விற்றால், அவர்கள் பின்னர் நீதிமன்றம் போகலாம். அதேபோல, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டுச் சட்டம். இதைக் கவனியாமல் முடித்த உறுதி பிறகு பிரச்சினை தரும்.

சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்து, ஒருவர் அற்றோணித் தத்துவம் வைத்து விற்பதும் இப்போது அதிகம். அந்தத் தத்துவம் காணி விற்கும் அதிகாரத்தையும் கொடுக்கிறதா என்று வாசியுங்கள். கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். அவர் இறந்தால் தத்துவமும் அதோடு முடிந்துவிடும்.

வெளிநாட்டிலுள்ள தம்பியோ மகனோ காசு அனுப்பி, "என்ர பேரில எழுதுங்கோ" என்று கேட்கலாம். அவர் இலங்கைப் பிரசாவுரிமையை இழந்து, இரட்டைப் பிரசாவுரிமையும் பெறாதவராயின், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அவர் பெயருக்குக் காணியை விற்று எழுத முடியாது. இதை முதலிலேயே பேசித் தீர்த்தால் பிறகு குடும்பத்துக்குள் மனத்தாங்கல் வராது.

அளவையும் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தில் தோட்டக் காணிக்கும் குடியிருப்புக்கும் 16 பரப்பு ஒரு ஏக்கர். வயல் அளவிலோ 24 பரப்பு ஒரு ஏக்கர். "எட்டுப் பரப்பு" என்றால் எந்தப் பரப்பு என்று கேளுங்கள். நில அளவைப் படம் இல்லாவிட்டால், உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, எல்லைக் கல் நட்ட பின்னரே விலையை முடியுங்கள்.

நிலத்துக்கு உள்ள விதிகள்

உறுதி சுத்தமாக இருந்தாலும், நிலம் இருக்கும் இடத்தைப் பொறுத்து அதன் பாவனைக்கு விதிகள் உண்டு. அவற்றைத் தனித்தனியே பார்ப்போம்.

வயல்: 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, நெற்காணியை மண் போட்டு நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். "இப்ப வாங்குவம், பிறகு ஒரு மூலையை நிரப்பி வீடு கட்டுவம்" என்று எண்ணி வயல் வாங்கினால், வயல் மட்டுமே மிஞ்சும். அந்த வயலை ஒருவர் குத்தகைக் கமக்காரராகச் செய்துகொண்டிருந்தால், சொந்தக்காரர் மாறினாலும் அவருடைய உரிமை மாறாது. அந்த ஏழைக் கமக்காரனை எழுப்பிவிட்டு நாம் இறங்க முடியாது. இறங்கவும் கூடாது. கமநல சேவை நிலையத்தில் காணி இடாப்பைப் பார்த்தால் யார் செய்கிறார் என்பது தெரியவரும்.

தண்ணீர்: குளத்தின் கீழுள்ள வயலுக்குக் காலபோகம் நிச்சயம் என்றாலும், சிறுபோகம் அப்படியல்ல. குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். சிறுபோகப் பங்கு உண்டா என்று கமக்காரர் அமைப்பிடம் கேளுங்கள்.

குளமும் வாய்க்காலும்: குளத்தின் அலைகரை, கட்டின் அடி, வாய்க்கால் ஒதுக்கு ஆகியவை அரசுக்குரியவை. கோடையில் காய்ந்து பச்சைப் புல்லோடு அழகாகக் கிடக்கும் அலைகரையை வேலி போட்டு விற்பவர்கள் உண்டு. மாரியில் போய்ப் பாருங்கள், வேலி தண்ணீருக்குள் நிற்கும்.

காடு: பற்றை மூடிய காணியாயின், வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் உள்ளே இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். மக்கள் இல்லாத காலத்தில் வளவும் காடாகும், காடு ஒதுக்கமாகவும் அறிவிக்கப்படும். 1990ஆம் ஆண்டில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முசலிப் பகுதி முஸ்லிம் மக்கள், மீண்டும் வந்து குடியேற முயன்றபோது இதைத்தான் கண்டார்கள். மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்துக் காடுகள் 2012ஆம் ஆண்டில் ஒதுக்கக் காடுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. ஊரின் எல்லை எங்கே, காட்டின் எல்லை எங்கே என்ற வழக்கு அங்கே நீண்டகாலம் இழுபட்டது.

கடற்கரை: உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் சட்டப்படி, அதற்குள் கட்டிடம் கட்டுவது போன்ற அபிவிருத்தி வேலைகளுக்கு அனுமதி பெற வேண்டும்.

மரம்: பலா, ஈரப்பலா, பனை ஆகியவற்றை நமது காணியிலும் நினைத்தபடி தறிக்க முடியாது, அனுமதி தேவை. பனங்கூடலை வெட்டித் தோட்டம் செய்யலாம் என்று கணக்குப் போட்டு வாங்குவோர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மிதிவெடி: போர் நடந்த இடங்களில், கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணியா என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அயலவர் மாடு கட்டுகிறார் என்பது அத்தாட்சி ஆகாது.

கட்டுப்பாடு எல்லாம் பகையல்ல

இவ்வளவையும் வாசித்தபின், "அப்ப காணியே வாங்கேலாதோ?" என்று தோன்றும். அப்படியல்ல. கட்டுப்பாடு இருப்பதனாலேயே ஒரு காணியைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

குடியேற்றக் காணியை விற்கவும் துண்டாடவும் தடை போட்ட காரணத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு விளைச்சல் பிழைத்தவுடன் கமக்காரன் கடன்காரனுக்குக் காணியை எழுதிக் கொடுத்துவிடக் கூடாது, பேரப்பிள்ளைகள் காலத்தில் அது பயிர் செய்ய முடியாத துண்டுகளாகிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். போர்க் காலத்தில் பட்டினியும் பயமும் சேர்ந்து காணியைக் கைவிட நெருக்கியபோது, அந்தத் தடை பலருக்கு வேலியாக நின்றது. வயலை நிரப்பாதே என்ற விதி நமது கையைக் கட்டுகிறது, ஆனால் மேலே இருப்பவர் தன் வயலை நிரப்பி நமது வயலில் வெள்ளத்தை விடாமல் அவர் கையையும் அதுவே கட்டுகிறது. குளத்துக்கு மேலே காடு நின்றால்தான் குளத்தில் மண் நிரம்பாது.

ஆகவே, ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் மூன்று கேள்விகளால் நிறுத்துப் பார்க்கலாம்.

ஒன்று: இது முழுத் தடையா, அல்லது அனுமதி பெற்றால் நீங்கக் கூடியதா? அனுமதி பெறலாமென்றால், யாரிடம், விற்குமுன்னா, பின்னா? விற்குமுன் பெற வேண்டியதை விற்பவரே பெற்றுத் தரட்டும்.

இரண்டு: நான் செய்ய நினைத்த வேலையை இது தடுக்கிறதா? நெல் மட்டும் விதைக்கப் போகிறவருக்கு, வயலை நிரப்பக் கூடாது என்ற விதியால் நட்டமில்லை. வீடும் கட்ட நினைப்பவருக்கு அது பெரிய தடை.

மூன்று: நான் இறந்தால் இது யாருக்குப் போகும்? விதவையான மனைவியின் பெயரிலும், மகளின் பெயரிலும் நிற்குமா? இந்த மூன்றாவது கேள்விக்குத் தெளிவான விடை இல்லாத காணியை எந்த மலிவுக்கும் வாங்க வேண்டாம்.

எதை முதலில் செய்வது?

அவசரப்படுத்தும் தரகரிடம் ஒரு மாதத் தவணை கேளுங்கள். நல்ல காணி ஒரு மாதத்தில் கெட்டுப்போகாது. அந்த மாதத்துக்குள் அயலில் மூன்று வீட்டாரோடு கதையுங்கள். காணியின் சண்டை சச்சரவு அவர்களுக்குத் தெரியும். கிராம உத்தியோகத்தரைக் கண்டு விசாரியுங்கள். பத்திரத்தின் பிரதியோடு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போங்கள். வயலாயின் கமநல சேவை நிலையத்துக்கும் போங்கள். தோம்பு எடுங்கள். வீடு கட்டுவதானால் பிரதேச சபையில் கேளுங்கள். விற்பவரின் நொத்தாரிசை அல்லாமல், நீங்கள் தெரிந்தெடுத்த நொத்தாரிசிடம் எல்லாப் பத்திரங்களையும் காட்டுங்கள். அங்கே கொடுக்கும் சிறு கட்டணம், பின்னால் வழக்குக்குப் போகும் செலவோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

இவை முடியுமுன் முற்பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்தே ஆகவேண்டுமென்றால், நொத்தாரிசு முன் எழுதி, பத்திரம் சரியில்லாவிடின் காசைத் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுங்கள். எங்கு போனாலும் கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். ஒருவர் கேட்க மறந்ததை மற்றவர் கேட்பார்.

பழைய காணியை மறவாதீர்கள்

புதிய இடத்தில் காணி வாங்குவதால் பழைய ஊரின் உரிமை அற்றுப்போவதில்லை. அந்த உறுதியைப் பத்திரமாக வைத்திருங்கள். போரில் தொலைந்துபோயிருந்தால், நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு அனுப்பிய இணைப் பிரதியிலிருந்து சான்றுபடுத்திய பிரதி பெறலாம். 2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி, வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணி தொடர்பாக, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிடின் அரச காணியாகும் என்று வர்த்தமானி அறிவித்தல் வந்தது. பலத்த எதிர்ப்பின் பின் அது மீளப் பெறப்பட்டது. அந்த மூன்று மாதமும் எத்தனை வீடுகளில் பழைய றங்குப் பெட்டிகளைக் கிளறி உறுதி தேடினார்கள்! இனி அப்படி ஒரு நாள் வந்தால், தேடாமல் எடுக்கக் கூடிய இடத்தில் அது இருக்கட்டும்.

அந்தக் குடும்பத்தின் கதையை முடிக்க வேண்டுமல்லவா? அவர்கள் ஒரு மாதத் தவணை கேட்டார்கள். பிரதேச செயலகத்துக்குப் போனபோது, பேர்மிற்காரர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று தெரிந்தது. அவர் பின்னுரித்தாளர் எவரையும் குறிக்கவில்லை. பிள்ளைகள் மூவர், ஒருவர் நாட்டில் இல்லை. விற்க வந்தவர் இரண்டாவது மகன். அந்த இரண்டு ஏக்கரை அவர்கள் விட்டுவிட்டார்கள்.

அதே காசுக்கு, அடுத்த கிராமத்தில் அரை ஏக்கர் உறுதிக் காணி கிடைத்தது. தோம்பு பார்த்து, அளந்து, கல் நட்டு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதினார்கள். நெல்லுக்கு ஒரு துண்டு வயலைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். இரண்டு ஏக்கர் கனவு அரை ஏக்கராகச் சுருங்கியதில் கணவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

முதல் தென்னம்பிள்ளையை நட்டு மண் அணைத்தபோது மனைவி சொன்னார்: "சின்னன்தான். ஆனா, இதிலயிருந்து எழும்பு எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. பிள்ளையளுக்கும் குடுக்கேலும்."